பதினேழாம் நம்பர் மூளை

லூர்துராஜின் மூளை நன்றாக இருக்கிறது என்று மெஷின் சொல்லிவிட்டது. நன்றாக என்றால் ஏதோ சுமாராக இல்லை, தமிழ்நாட்டிலேயே இதைவிட நல்ல மூளை கிடையாது என்கிற மாதிரி. சராசரியிலிருந்து விலகல்: புள்ளி பூஜ்யம் மூன்று. இருபத்துநாலு வருஷமாக மூளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிற மனுஷர், இத்தனை சின்ன எண்ணை அவர் பார்த்ததே கிடையாது. சும்மா தலைவலி என்று வருகிறவனுக்கே ஒன்று, ஒன்றரை காட்டும். இவரோ குளித்து நாலு நாள் ஆனவர். மூன்று மாதமாக எதைத் தின்றாலும் மண்ணாகத் தெரிகிறது என்று தட்டைத் தள்ளிவைக்கிறவர். காலையில் எழுந்து பல் விளக்குவதற்குத் தன்னோடு தானே ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை நடத்துகிறவர். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்படி ஒரு சர்டிபிகேட் வந்தால் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சிரிப்பு எந்தப் பக்கமிருந்து வரும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இந்தச் சீட்டு விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். முன்னெல்லாம் மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுப்பது குத்துமதிப்பான வேலை. ஒரு மாத்திரையைக் கொடுத்து எட்டு வாரம் பார்ப்பார்கள், கேட்காவிட்டால் வேறொன்று, அதுவும் கேட்காவிட்டால் இன்னொன்று. நோயாளி பாதி வழியிலேயே வெறுத்துப்போய் வருவதை நிறுத்திவிடுவார். பிறகுதான் மூளையின் அமைப்பைப் பார்த்தே யாருக்கு மாத்திரை கேட்கும் என்று சொல்லிவிடலாம் என்று வந்தது. மூளையின் மேல் அடுக்கான மேற்புறணி எங்கே எவ்வளவு தடிமன், உள்ளே நினைவையும் மனநிலையையும் பார்த்துக்கொள்கிற சுண்டுவிரல் அளவுப் பகுதி எவ்வளவு சுருங்கியிருக்கிறது, எல்லாவற்றையும் மெஷின் அளந்து, ‘நலமான மூளை’ என்று வைத்திருக்கிற ஒரு மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டு, மூன்று நிறத்தில் ஒரு சீட்டு துப்பும். பச்சை வந்தால் மாத்திரை கேட்கும். சிவப்பு வந்தால் மாத்திரை கேட்காது, வேறு சிகிச்சைக்குப் போகவேண்டும். வெள்ளை வந்தால் உன் மூளையில் ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போ என்று அர்த்தம். பச்சைச் சீட்டு இல்லாமல் எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை வாங்க முடியாது என்று சட்டமே வந்துவிட்டது.

திருச்சியில் பொன்மலைப் பக்கம் இருந்த மண்டல மூளைப்பட நிலையத்தில் வெள்ளைச் சீட்டைக் கொடுக்கிற கை லூர்துராஜுடையது. கொடுக்கும்போது ஒரு வசனம் வைத்திருந்தார். “ஒண்ணுமே இல்லம்மா, சந்தோஷமாப் போயிட்டு வாங்க.” அதைச் சொல்லும்போது ஏதோ தானே குணப்படுத்தி அனுப்புகிற மாதிரி ஒரு பெருமிதம் வேறு. இப்போது அந்தச் சீட்டு தன் கையிலேயே வந்து உட்கார்ந்தபோது, அந்த வசனத்தைத் தனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சொன்னவரை அடிக்கலாம் போலிருந்தது.

படம் எடுத்ததே திருட்டுத்தனமாகத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ரெக்கார்டு பிரிவைப் பார்த்துக்கொள்ளும் மங்கையர்க்கரசி அக்காவிடம் எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்தோணி என்று ஒரு பொய்ப் பெயரில் போய்ப் படுத்துக்கொண்டார். அக்கா எதுவும் கேட்கவில்லை. வீட்டில் மனைவி ஸ்டெல்லா இதை வாயுத்தொல்லை என்று முடிவுகட்டி, மூன்று மாதமாக ரசத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் “மனசு சரியில்லை” என்று சொல்வதைவிட அந்தப் பூண்டைக் குடிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

அதே வாரத்தில்தான் நிறைமதி டீச்சர் மூன்றாவது தடவையாகப் படம் எடுக்க வந்தார். முப்பத்துநாலு வயசு, லால்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வகுப்பறை வாசல் வரை போவார், உள்ளே காலெடுத்து வைக்க முடியாமல் திரும்பிவிடுவார். ஒன்பது மாதமாக இதுதான் நிலைமை. முதல் இரண்டு தடவையும் வெள்ளை. மூன்றாவதும் வெள்ளைதான் வந்தது. லூர்துராஜ் வழக்கமான வசனத்துக்கு வாயைத் திறந்தவர், எண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். புள்ளி பூஜ்யம் நாலு. ஊரில் யாருக்கும் வராத எண், ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வந்திருக்கிறது. அதிலும் இரண்டு பேருமே எழுந்து நடமாடவே திணறுகிறவர்கள்.

அன்று சாயங்காலம் நிலையத்தின் தலைமை மருத்துவர் இளம்பரிதியைப் போய்ப் பார்த்தார். டாக்டர் சின்ன வயசுக்காரர், வந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, படத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற கெட்டிக்காரர். நோயாளி முகத்தை அவர் அதிகம் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய அவசியம் மெஷின் வைத்ததில்லை. லூர்துராஜ் பட்டும் படாமலும் விசாரித்தார். இந்த நலமான மூளை, நலமான மூளை என்கிறோமே, அது யாருடைய மூளை டாக்டர்?

டாக்டருக்கே அது ஒரு புதுக் கேள்வியாக இருந்தது. பழைய கோப்பைத் திறந்து பார்த்துச் சொன்னார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் இதே நிலையத்தில் நாற்பது பேரை, மனநோய் எதுவும் இல்லாதவர்கள் என்று படிவத்தில் உறுதி வாங்கிக்கொண்டு, படம் எடுத்திருக்கிறார்கள். அந்த நாற்பதின் சராசரிதான் மாதிரி மூளை.

“ஆனா நாப்பதும் சமமா சேரல, லூர்து சார்,” என்றார் டாக்டர் திரையைப் பார்த்தபடி. “படம் எடுக்கும்போது பாதிப் பேரு நெளிஞ்சிருக்காங்க, இருமியிருக்காங்க. கலங்கின படத்தை மெஷின் தானா ஒதுக்கிடும். தெளிவா இருக்கிறதுக்கு அதிக மதிப்பு குடுக்கும். இந்தப் பதினேழாம் நம்பரைப் பாருங்களேன், முக்கால் மணி நேரத்துல ஒரு மயிரிழைகூட அசையல. மாதிரி மூளைல எழுபத்தோரு சதவீதம் இவருதான். யாரோ தெரியல, நல்ல நிம்மதியான மனுஷன் போல.”

லூர்துராஜ் காபி குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தவர், காபியும் குடிக்கவில்லை, திரும்பியும் வரவில்லை. பதினேழு யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு நாற்பது ஆரோக்கியமான ஆட்களுக்கு எங்கே போவது என்று தெரியாமல், மேலிடத்துக்குக் கணக்கு காட்ட வேண்டுமே என்று, நிலையத்தின் ஊழியர்களையே பிடித்துப் போட்டார்கள். டிரைவர், காசாளர், துப்புரவு மேற்பார்வையாளர், வாட்ச்மேன், ஸ்கேன் டெக்னீஷியன். படிவம் நிரப்புகிற வேலை மங்கை அக்காவுக்கு. அக்கா அதை எங்கே வைத்து நிரப்பினார் என்றால், கேண்டீனில், காலை பத்தரை மணிக்கு, அத்தனை பேரும் வடையைக் கடித்துக்கொண்டிருக்கும்போது. உள்ளே சட்னிக்கு மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. அதனால் அக்கா கேள்விகளைக் கத்தித்தான் படிக்க வேண்டியிருந்தது, பதிலையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. “கடந்த ரெண்டு வாரமா வாழ்க்கைல பிடிப்பில்லாம இருக்கா?” “இல்ல.” “காரணமில்லாம அழுகை வருதா?” “இல்லக்கா.” டிரைவர் கண்ணப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, சம்பள நாளுக்கு முந்தின வாரம் மட்டும் வரும் என்று சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். இருபத்தோரு கேள்வி, நாற்பது பேர். ஒரே ஒரு ‘ஆமா’கூட விழவில்லை.

லூர்துராஜும் இருபத்தோரு தடவை இல்லை என்றார். அந்த வருஷம் அவர் இருந்த இருப்பு அவருக்குத்தான் தெரியும். கெட்டது எதுவும் நடந்திருக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம். வீட்டில் யாரும் சாகவில்லை, வேலை போகவில்லை, காதல் தோல்விக்கு வயசும் இல்லை. மற்றவர்கள் துக்கத்துக்காவது ஒரு விலாசம் இருந்தது; இவருடையது விலாசம் இல்லாமல் வந்து உள்ளே குடியேறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் பூசைக்குப் போகாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு ஆறேழு மணி நேரம் படுத்திருப்பார். அப்படிப்பட்டவரை மெஷினுக்குள் தள்ளி முக்கால் மணி நேரம் அசையாமல் கிட என்றால் கேட்கவா வேண்டும்? அவர் அந்தக் காலத்தில் உருப்படியாகச் செய்துகொண்டிருந்த ஒரே காரியம் அதுதான். டெக்னீஷியன்கள் எல்லாம் வந்து படத்தின் தெளிவைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

ஆக, பதினொரு வருஷமாக இந்த நிலையம் ஒவ்வொரு நோயாளியையும் உட்காரவைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறது: நீ லூர்துராஜ் மாதிரி இருக்கிறாயா? இருந்தால் உனக்கு ஒன்றுமே இல்லை, வீட்டுக்குப் போ.

உடனே ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நல்லவர்கள் அப்படித்தான் செய்வார்கள். லூர்துராஜ் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த மூன்று வாரமும் அவர் முதலில் நினைத்தது வெள்ளைச் சீட்டு வாங்கிப்போன ஆயிரக்கணக்கானவர்களை இல்லை. இது தெரிந்தால் கண்ணப்பன் கேண்டீனில் என்ன சொல்வான் என்பதைத்தான் நினைத்தார். தன் புத்தி இவ்வளவு அற்பமாக வேலை செய்வதைக் கண்டு அவருக்கே வெட்கமாக இருந்தது, வெட்கப்பட்டுக்கொண்டே அவன் சொல்லக்கூடிய நக்கலை விதவிதமாக யோசித்துப் பார்த்தார்.

மூன்றாம் வாரக் கடைசியில் நிறைமதி டீச்சர் மறுபடி வந்தார். படம் எடுக்க இல்லை. பையிலிருந்து தன் வெள்ளைச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். யாரோ அதை லேமினேட் செய்திருந்தார்கள்.

“எங்க வீட்டுக்காரர் பண்ணது சார். ஃபிரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருக்கார். நான் படுத்துக் கெடந்தா அதைக் காட்டுவார். கவர்மென்டே ஒனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்கு, அப்ப இது என்ன, திமிரா, சோம்பேறித்தனமான்னு கேப்பார்.” சீட்டைத் தன் பக்கமிருந்து லூர்துராஜ் பக்கம் நகர்த்தினார். “மூளை நல்லாருக்குன்னா அப்ப நான்தான் சார் கெட்டவ. அடுத்த வாரம் வேலைய விட்டுடறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். இதை மாத்தி, எனக்கு ஏதாவது ஒரு நோய் இருக்குன்னு எழுதித் தர முடியுமா?”

லூர்துராஜுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதத்தில் அவருக்குச் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாட்டில் இனிமை தெரியவில்லை, ஆனால் இந்த ஒரு வெட்கம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. அவரைப் பார்த்து வரைந்த அளவுகோல் இந்தப் பெண்ணைக் கெட்டவள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அவர் எழுந்தார், டீச்சரை அங்கேயே உட்காரச் சொன்னார், மங்கை அக்காவையும் கூட்டிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார்.

“பதினேழு நான்தான் டாக்டர்,” என்றார். “படிவத்துல எழுதினது எல்லாம் பொய். அன்னைக்கு எனக்கு இருபத்தோரு கேள்விக்கும் ஆமாதான் பதில்.”

டாக்டர் முதலில் நம்பவில்லை, பிறகு மங்கை அக்கா தேடிக்கொடுத்த அந்தோணி படத்தையும் பதினேழையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தார், பிறகு எழுந்துபோய் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். பதினொரு வருஷத்தில் கொடுத்த வெள்ளைச் சீட்டுகள் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். அத்தனை பேரும் ஏறக்குறைய லூர்துராஜ்கள். மங்கை அக்கா, தானும் அந்த நாற்பதில் ஒருத்திதான் என்றும், தன் கேள்விகளுக்கும் தானே அன்றைக்கு இல்லை, இல்லை என்று டிக் அடித்ததாகவும், அப்போது அவருடைய ஒன்பது வயசுப் பெண் இறந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது என்றும் சொன்னார். கேண்டீனில் யார் ஆமாம் சொல்வார்கள் என்று கேட்டார்.

மேலிடத்துக்குப் போயிற்று. மேலிடம் பதறியது, பதறிய பிறகு வழக்கம்போல ஒரு யோசனை சொன்னது. மாதிரி மூளையை அப்படியே வைத்துக்கொள்ளலாம், பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால் போதும். இத்தனை நாள் நலம் என்று எழுதியிருந்ததை நோய் என்று எழுதிவிட்டால், வெள்ளைச் சீட்டெல்லாம் ஒரே நாளில் பச்சையாகிவிடும். ஒரே ஒரு சிக்கல்தான். இந்த வகை மூளைக்கு மாத்திரை கேட்குமா என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் இந்த வகை மூளைக்கு யாருமே மாத்திரை கொடுத்ததில்லை. எனவே இரண்டு பேருக்கு எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஒன்று பதினேழாம் நம்பர். இன்னொன்று, அவருக்கு அச்சு அசலாக ஒத்துப்போகிற நிறைமதி டீச்சர். அவருடைய ராஜினாமாவை எட்டு வாரம் தள்ளிப்போடச் சொல்லி டாக்டரே போன் பண்ணிக் கேட்டுக்கொண்டார்.

லூர்துராஜின் வாழ்க்கையில் அவருடைய மனநிலையை நம்பி யாரும் எதையும் செய்ததில்லை. இப்போது பத்தொன்பதாயிரம் பேர் அவர் சந்தோஷமாவதற்காகக் காத்திருந்தார்கள். டாக்டர் காலையில் வந்ததும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். மங்கை அக்கா தினமும் பால்கோவா கொண்டுவந்து வைத்துவிட்டு, தின்னும்போது கண் கொஞ்சம் விரிகிறதா என்று பார்ப்பார். விஷயம் எப்படியோ கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. கண்ணப்பன் நக்கல் எதுவும் பண்ணவில்லை, மாறாக ஒருநாள் தனியாக ஓரங்கட்டி, தன் மச்சானும் வெள்ளைச் சீட்டுதான், சீக்கிரம் நல்லாயிடுங்கண்ணே என்றான். நக்கலே பரவாயில்லை என்றிருந்தது. ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் எழுந்துபோய்ப் பூண்டு ரசத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சந்தோஷமாக வேண்டும் என்று அவர் பிரயாசைப்பட்டார். பிரயாசைப்பட்டதில் வேர்த்ததுதான் மிச்சம்.

எட்டாம் வாரம் முடிந்த திங்கட்கிழமை இருவரும் டாக்டர் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நிறைமதி டீச்சரைப் பார்த்ததுமே தெரிந்தது. தலைவாரி, புடவைக்கு மடிப்பு வைத்து, கையில் திருத்தாத கணக்கு நோட்டுகளோடு வந்திருந்தார். போன வியாழக்கிழமை வகுப்பறைக்குள் போனதாகவும், வாய்ப்பாடு தெரியாத ஒன்பதாம் வகுப்பை நன்றாகத் திட்டியதாகவும், திட்டி முடித்தபோது பசித்ததாகவும் சொன்னார். வீட்டில் சொல்லவேண்டியவருக்கும் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாராம். லூர்துராஜுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. ஒரே மூளை, ஒரே மாத்திரை. அவருக்கு வாய் வறண்டதும் மூன்று கிலோ ஏறியதும் தவிர வேறெதுவும் நடந்திருக்கவில்லை.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று எழுதினால் நாளைக்கே உத்தரவு வந்துவிடும், பத்தொன்பதாயிரம் பேருக்கும் மாத்திரை போய்ச் சேரும். நல்லாயிருக்கேன் என்று ஒரு வார்த்தை போதும். பொய் சொல்வதில் அவருக்கு முன் அனுபவம் இல்லாமலும் இல்லை, அதுவும் இது புண்ணியத்தில் சேரும். வாயைத் திறந்தும்விட்டார். அப்போதுதான் தோன்றியது, அந்தப் பத்தொன்பதாயிரத்தில் தன்னைப் போல மாத்திரை கேட்காதவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று. உன் மூளைக்கு இது கேட்டே தீரும் என்று அரசாங்கம் எழுதிக்கொடுத்த பிறகு, கேட்கவில்லை என்று அவன் யாரிடம் போய்ச் சொல்வான்? அவன் வீட்டு ஃபிரிட்ஜில் பச்சைச் சீட்டை ஒட்டிவிடுவார்கள்.

“எனக்குக் கேக்கல டாக்டர்,” என்றார். “கொஞ்சம்கூட மாறல.”

டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியென்றால் இது எதற்குமே விதி ஆகாது, ஒரே மாதிரி இரண்டு மூளையில் ஒன்று தேறுகிறது, ஒன்று தேறவில்லை, இதை வைத்துக்கொண்டு எந்த நிறத்தில் சீட்டு கொடுப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

“சீட்டு எதுக்கு சார்?” என்றார் நிறைமதி டீச்சர். “எல்லாரையும் கூப்பிடுங்க. குடுத்துப் பாருங்க. கேக்குதான்னு அவங்களையே கேளுங்க. கேக்கலன்னா வேற குடுங்க. அவ்வளவுதானே.”

முன்காலத்தில் செய்த அதே குத்துமதிப்பு வேலைதான் அது. உத்தரவு வர நாலு மாதம் பிடித்தது, ஆனால் வந்தது. வெள்ளைச் சீட்டு வாங்கியவர் எவராயிருந்தாலும், மருத்துவர் அவரை நேரில் உட்காரவைத்து, தனியறையில், குறைந்தது நாற்பது நிமிஷம் பேசி, அதற்கேற்ப மருந்து கொடுத்து, மறுபடி கூப்பிட்டுப் பேச வேண்டும். முதல் நாள் முதல் பெயராக மங்கை அக்கா எழுதிவைத்தது லூர்துராஜ்.

டாக்டர் இளம்பரிதி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேஜையில் திரை இல்லை. கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தவர், அந்த நோட்டை வண்டியிலேயே மறந்துவிட்டார். பதின்மூன்று வருஷப் படிப்பும் ஆறு வருஷ அனுபவமும் உள்ள மனுஷர், எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்க, என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு நிமிஷம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

“சாப்டீங்களா, லூர்து சார்?” என்றார் கடைசியில்.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பட்டினி கிடப்பவனும் ஆச்சு என்றுதான் சொல்வான், கேட்டவரும் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். லூர்துராஜுக்கும் அந்த ஆச்சு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை உள்ளே தள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“இல்ல டாக்டர்,” என்றார். “நேத்து மதியத்திலேருந்து ஒண்ணும் சாப்பிடல. பசிக்குது. தட்டைப் பாத்தா, எதுக்குன்னு தோணுது.”

டாக்டர் பழக்கதோஷத்தில் திரை இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு லூர்துராஜின் முகத்தைப் பார்த்தார்.

“எப்பலேருந்து இப்படி?”

“சொன்னா நேரமாகும்.”

டாக்டர் எழுந்துபோய் வெளியே மங்கை அக்காவிடம் அடுத்த ஆளை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“சொல்லுங்க,” என்றார்.